அனற் நட்ட காட்டுக் கோரை

அனற் கவலைப்படாமல் இருந்த ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் அவளுடைய கணவன் எஸ்ரனால் சொல்ல முடியாது. மழை பெய்தால் கன்றுகளின் வேர் அழுகிவிடும் என்பாள். பெய்யாவிட்டால் காய்ந்துவிடும் என்பாள். இரண்டும் இல்லாத நாட்களில், இது என்ன சும்மா இருக்கிறதே என்று வாசலுக்கும் பின்பக்கத்துக்குமாக நடப்பாள்.

அந்தக் கவலை அவளோடு ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்தது. பத்தொன்பது வயதில் அங்கே தோட்டத்து நாற்றுமேடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு பைக்கு ஓர் இலைத் தண்டு என்று ஆயிரக்கணக்கில் தேயிலை வெட்டுத் துண்டுகளை நட்டு, நிழல் கட்டி, ஈரம் பார்த்துப் பதினொரு வருடம் அதிலேயே கிடந்தாள். காலையில் பந்தலுக்குள் குனிந்து நுழையும்போது, இன்று எத்தனை கறுத்திருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நெஞ்சு அடித்துக்கொண்டதால்தான் அவளுடைய பாத்தியில் அதிகம் கறுக்கவில்லை என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள்.

எஸ்ரனைக் கட்டிக்கொண்டு பிலிமத்தலாவைக்கு வந்த பிறகு, அவன் ஓட்டோ ஓட்டினான். அவள் கண்டி வீடுகளில் தோட்ட வேலைக்குப் போனாள். பூக்கன்று நடுவாள், வேலி வெட்டுவாள், உரம் போடுவாள். அவர்களுடைய சொந்த வீட்டின் பின்புறம் மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பலாமரம் மதிலைத் தாண்டி நீட்டிக்கொண்டு வெயிலை முழுசாக மறைத்திருந்தது. என்ன நட்டாலும் வெளுத்துச் செத்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெரியவெள்ளி விடுமுறையில் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனபோது, தோட்டத்து ஓடைக்கரையில் அந்தப் புல்லைப் பார்த்தாள். சிறுவயதில் ஆயிரம் முறை மிதித்துக்கொண்டு போனதுதான். அடர்ந்த மரங்களுக்குக் கீழே, வெயிலே படாத இடத்தில், சீவிவிட்ட தலைமயிர் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கரும்பச்சை. அடித்தண்டு மட்டும் செம்மண் நிறம். அது நின்ற இடத்தில் ஓடைக்கரை மண் கரையவில்லை. அது இல்லாத இடத்தில் வேரெல்லாம் வெளியே தெரிந்தது.

தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரிடம் போய்க் கேட்டு, ஒரே ஒரு தூரைக் கிண்டி எடுத்தாள். மேலே எல்லைக் கல்லுக்கு அப்பால் அரசாங்கக் காடு. அதிலிருந்து ஓர் இலை எடுத்தாலும் குற்றம் என்று அவளுக்குத் தெரியும். எடுத்தது எல்லைக்கு இந்தப் பக்கம்தான், கேட்டும் எடுத்தாயிற்று. இருந்தும் அரிசிப் பைக்குள் அந்தத் தூரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, ஒவ்வொரு தரிப்பிலும் யாராவது ஏறிப் பையைத் திறக்கச் சொல்வார்களோ என்று அதை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இது கோரையில்ல?" என்றான் எஸ்ரன், பையைப் பார்த்ததும். "கோரையப் புடுங்கத்தான் ஒன்னய ஊரெல்லாம் கூப்புடுது. நீ காசு குடுத்து டிக்கட் போட்டு அத கூட்டியாந்திருக்க."

"இது காட்டுக் கோரைங்க. கெழங்கு கெடையாது. ஓடாது. இருந்த எடத்துல தூர் கட்டும், அவ்வளவுதான்."

அவளுக்கும் முழு நிச்சயம் இல்லை. ஒரு வருடம் தினமும் வேரைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தாள். கிழங்கு இல்லை. இரண்டாம் வருடம் தூரை நாலாகப் பிரித்தாள். பிறகு அதை மறுபடி பிரித்தாள். ஐந்தாவது வருடம் பின்புறம் முழுக்கப் பச்சையாகக் கிடந்தது. மாசி மாத வறட்சியில்கூட அது வாடவில்லை. வெட்டவும் வேண்டியிருக்கவில்லை.

ரபீகா டீச்சருடைய வீட்டுக் கதை அங்கேதான் தொடங்கியது.

ஹந்தானைப் பக்கம், சரிவில் இருக்கிற வீடு. ரபீகா ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கணவர் இல்லை. மகன் அர்கம் கட்டுகஸ்தோட்டையில் வன்பொருள் கடை வைத்திருந்தார். மகள் ரிப்கா தாயோடு இருந்தாள். வீட்டு முன்புறம் இரண்டு பெரிய மஹோகனி மரங்களும் ஒரு பலாவும் நின்றன. அவற்றின் கீழே ஒரு புல் கிடையாது. மழை பெய்தால் சிவப்புச் சேறு படிக்கட்டு வரை வரும். மூன்று தடவை புல் பத்தை வாங்கிப் பதித்தார்கள். மூன்று தடவையும் இரண்டு மாதத்தில் மஞ்சளாகி மண்ணோடு மண்ணாகப் போனது.

அந்தத் தை மாதம் ரிப்காவுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. ஆவணிக் கடைசியில் நிக்காஹ், வீட்டில்தான். அர்கம் ஒரேயடியாகச் சொன்னார்: "மூணு மரத்தையும் வெட்டுவம் உம்மா. வெயில் வந்தா புல்லு புடிக்கும். எப்பிடியும் கொப்பு முறிஞ்சி கூரைல விழுகுது."

ரபீகாவுக்கு அது பிடிக்கவில்லை. போன வருடத்துக் கார்த்திகை மழையில் கீழ்வீட்டுக்காரரின் மேட்டு மண் அப்படியே வழுகி, அவர்களுடைய குசினிச் சுவரில் வந்து நின்றது. அங்கே மரம் இல்லை. "இந்த மண்ணப் புடிச்சிட்டு ஈக்கிறதே இந்த வேருதான்" என்றார். மகன் கொப்புக்குப் பயந்தார், தாய் சரிவுக்குப் பயந்தார். இரண்டு பயமும் நியாயமான பயம்தான்.

மாதம் ஒரு முறை வேலி வெட்ட வருகிற அனற், இவர்களுடைய பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "டீச்சர், மரத்த வெட்டாமலே பச்சையாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன அடுத்த நிமிடமே ஏன் சொன்னோம் என்று இருந்தது.

அர்கம் அவளுடைய வீட்டுப் பின்புறத்தை வந்து பார்த்தார். குனிந்து கையால் தடவினார். "நல்லாத்தான் ஈக்குது. ஆனா இது கோரைதானே அனற் அக்கா?" என்றார். "எங்கட வளவு முழுக்கக் கோரை பரவிச்சின்டா, பொறகு ஆயுசுக்கும் போகாது. அப்பிடி ஒண்டு நடந்தா நான் உம்மாட்டக் கேக்க மாட்டன். மரத்த வெட்டி, மண்ணச் சுரண்டி எடுத்துட்டு, புல்லுப் போடுவன்."

"கெழங்குக் கோரை வேற, இது வேற தம்பி. அப்பிடி நடக்காது" என்றாள் அனற்.

முன்புறத்துக்கு, அடிக்கு ஒரு கன்று வைத்தால் ஆயிரத்து இருநூறு கன்று வேண்டும். பின்புறத்துத் தூர்களைப் பிரித்ததில் பைகளில் ஊன்றப் போதுமான துண்டுகள் கிடைத்தன. தொள்ளாயிரம் பை போட்டதும் மண் தீர்ந்துபோனது. அவள் எப்போதும் தன் பைகளுக்கு ஆழத்திலிருந்து தோண்டிய மண்ணைத்தான் போடுவாள். மேல்மண்ணில் என்ன விதை, என்ன பூச்சி இருக்கும் என்று சொல்ல முடியாது. நாற்றுமேடையில் படித்த பழக்கம். ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. பிரித்த துண்டுகள் வேர் காய்ந்து கிடந்தன. சந்தியில் ஒரு லொறி மேல்மண் வந்து நின்றது. கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. வாங்கி, சலித்து, மிச்ச முந்நூறு பையையும் நிரப்பிவிட்டாள்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து, பின்னேர இடிமழை தொடங்கியதும் நட்டாள். மரவேருக்கிடையில் மண்வெட்டி போடக் கூடாது என்று, அலவாங்குக் கம்பியால் வேரை விலக்கி விலக்கிக் குழி குத்தினாள். விழுகிற சருகைக் கூட்ட வேண்டாம், அதுதான் இதற்குப் போர்வை என்று டீச்சரிடம் சொன்னாள். தொள்ளாயிரத்தையும் மரங்களைச் சுற்றி நட்டாள். லொறி மண் முந்நூறும் கடைசியாக, கேற்றுப் பக்கத்து வெளிச்சமான ஓரத்தில் போனது.

முதல் மாதம் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆயிரத்து இருநூறு சின்னக் குடுமிகள். அர்கம் வரும்போதெல்லாம் அவற்றை நின்று பார்த்துவிட்டு உள்ளே போவார். அந்தப் பார்வை அனற்றைத் தின்றது. இரண்டாம் மாதம் குடுமிகள் சாயத் தொடங்கின. பலாவின் கீழே ஒன்றின் இலை மற்றதைத் தொட்டது. ரபீகா டீச்சர் கதிரையை வெளியே போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனற்றுக்கு முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கேற்று ஓரத்தில் களை பார்த்துக்கொண்டு போனவள் நின்றாள். ஒரு தூரின் நடுவிலிருந்து வெளிர்பச்சையாக ஓர் இலை, ஈட்டி மாதிரி நேராக நின்றது. சாயவில்லை. பக்கத்துத் தூரிலும் ஒன்று. விரலை மண்ணுக்குள் விட்டாள். நூல் போல ஒரு வேர் ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். நுனியில் கடலைப் பருமனில் ஒரு கறுத்த கிழங்கு.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். லொறி மண். சலித்தபோது இந்தக் கிழங்கை மண்ணுருண்டை என்று விட்டிருக்கிறாள். "அப்பிடி நடக்காது" என்று சொன்ன தன் குரல் காதுக்குள் கேட்டது.

அவள் சொல்லவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள். மாதம் ஒரு முறை வருகிறவள் அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். "சும்மா பாத்துட்டுப் போக வந்தேன் டீச்சர்" என்றாள். பிடுங்கிய இடத்தில் இரண்டு முளைத்திருந்தது. பஸ்ஸில் போகும்போது, அர்கம் மரம் வெட்டுகிறவர்களோடு கேற்றில் நிற்பது போலவும், மரம் போன பிறகு ஒரு மழையில் அந்த மேடு முழுக்க வழுகி இறங்குவது போலவும் நினைப்பு ஓடியது. அந்த வாரம் அவள் சோறு ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை எஸ்ரன் கேட்டான்: "ஒனக்கு என்ன ஆச்சு?"

சொன்னாள். அவன் கோரைப் பகிடி எதையும் எடுக்கவில்லை. ஓட்டோச் சாவியை உருட்டிக்கொண்டே, "டீச்சருக்கு அதுவா தெரிய வர்றதுக்கு முந்தி நீ போய்ச் சொல்லிரு" என்றான். "நான் கூட்டிட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை காலை போனார்கள். எஸ்ரன் கேற்றுக்கு வெளியே நின்றான். அனற் ஒரு கிழங்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"டீச்சர், இது கெழங்குக் கோரை. ஒங்க வளவு மண்ணுல இருந்ததில்ல. நான் கொண்டாந்த மண்ணுல வந்திருக்கு. அவசரத்துல லொறி மண்ணப் போட்டுட்டேன். என் தப்பு."

ரபீகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். "எப்ப கண்டீங்க?"

"திங்கக்கெழம."

"இன்டைக்கு வெள்ளி."

அனற் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சரின் முகத்தில் கோபம் தெரிந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அங்கே தெரிந்தது வேறு. "சும்மா பாக்க வந்தன் என்டு சொன்னீங்க. நான் அத நம்பிட்டு ஒங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தினன்" என்றார் ரபீகா.

பிறகு டீச்சரே கேட்டார்: "எல்லாத்திலயும் ஈக்குதா?"

"இல்லிங்க. அந்த முந்நூறுலதான். கெழங்குக் கோரைக்கு வெயில் வேணும். மர நெழல்ல அது தாங்காது. கேற்றுப் பக்கம் மட்டுந்தான் வேகமா வருது. முந்நூறையும் தோண்டி எடுத்து, வேர்ல ஒட்டுன மண்ணு பூராத்தையும் தண்ணில கழுவி, கீழ உள்ள மண்ணையும் கையால சலிச்சிட்டுத் திரும்ப நடுறேன். பத்து நாள் ஆகும். கழுவுன வேர் புடிக்குமான்னு தெரியாது. புடிச்சிரும்னு இந்தத் தடவ நான் சொல்ல மாட்டேன்."

"மகனுக்கு நானே சொல்றன்" என்றார் ரபீகா.

அர்கம் அன்று பின்னேரமே வந்தார். சத்தம் போட்டார். "ரெண்டு மாசந்தான் ஈக்குது உம்மா!" என்றார். இரண்டு கிழமையில் மரத்தை வெட்டிப் புல் போட்டுத் தர ஆள் இருக்கிறது என்றார். ரபீகா அவரைப் பேச விட்டார். பேசி முடிந்ததும், "பத்து நாள் அவங்களுக்கு. பொறகு நீங்க வந்து தோண்டிப் பாருங்க. ஒரு கிழங்கு கெடச்சாலும் ஒங்கட இஷ்டம்" என்றார். கணக்கு டீச்சர் பேசுகிற மாதிரி, அழித்து எழுத இடமில்லாமல் சொன்னார்.

அடுத்த நாள் விடிந்ததும் அனற் தொடங்கினாள். மூன்று பேசினில் தண்ணீர். முதல் பேசினில் அலசி, இரண்டாவதில் விரலால் வேரைப் பிரித்து, மூன்றாவதில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மறுபடி முதல் பேசின். ஒரு தூருக்குக் கால் மணித்தியாலம் போனது. எஸ்ரன் ஓட்டோவை நிறுத்திவிட்டுக் குழி மண்ணைச் சலித்தான். தூறல் விடவில்லை. தூறல் நின்றால் கழுவிய வேர் காயும் என்று அவள் பயந்தாள். விடாவிட்டால் அழுகும் என்றும் பயந்தாள்.

மூன்றாம் நாள் ரிப்கா ஒரு சின்ன வாங்கை இழுத்து வந்து இரண்டாவது பேசினுக்கு முன் உட்கார்ந்தாள்.

"வேணாம் மகள், கை கறுத்திரும். கல்யாணப் பொண்ணு."

"மருதாணி போடத்தானே போறன் அன்ரி, அது மறைச்சிரும்" என்றாள் ரிப்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்கு இருந்தா எல்லாரும் சாரியப் பத்தியும் சாப்பாட்டப் பத்தியும் கேக்குறாங்க. எனக்கு மூச்சு முட்டுது. இது செய்றது லேசா ஈக்குது" என்றாள்.

வேலையோடு வேலையாக அவள் கேட்டாள்: "அன்ரி, ஒங்களுக்குக் கல்யாணத்துக்கு முந்திப் பயமா இருந்திச்சா?"

"எனக்கு எப்பதான் பயமில்ல?" என்றாள் அனற். ரிப்கா சிரித்துவிட்டாள். அனற்றுக்கும் சிரிப்பு வந்தது, ஒரு கிழமைக்குப் பிறகு.

ஒன்பதாம் நாள் முடித்தார்கள். ஒரு வாளி நிறையக் கிழங்கு சேர்ந்திருந்தது. அதைக் குப்பையில் போட்டால் வேறெங்காவது முளைக்கும் என்று, வெயில் கண்ட நாளில் தகரத்தில் பரப்பிக் காயவைத்து, பிறகு அடுப்பிலே போட்டாள்.

பத்தாம் நாள் அர்கம் வந்தார். தானே ஒரு கம்பியை எடுத்துக் கேற்று ஓரத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் கிண்டினார். அனற் மஹோகனியின் பின்னால் நின்று, ஜெபமாலையை உருட்டுவது போலச் சேலை நுனியை உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கறுப்பு உருண்டையை எடுத்தபோது உருட்டிய விரல் நின்றது. அவர் அதை நசுக்கினார். மண்.

"இல்ல" என்றார் அவர். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். மரம் வெட்டுகிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை; கொப்புகளை மட்டும் ஆள் வைத்துக் கழித்தார். அதற்கு அனற்றே ஆள் சொன்னாள்.

ஆடி மாதம் முழுக்க, கழுவி நட்ட கன்றுகள் உயிரோடு இருக்கின்றனவா இல்லையா என்று சொல்ல முடியாமல் கிடந்தன. நுனி பழுப்பானது. நாற்பத்திமூன்று செத்தன. மற்றவை மெல்ல நடுவிலிருந்து புது இலை விட்டன. ஒவ்வொரு புது இலையையும் அவள் குனிந்து, நேராக நிற்கிறதா சாய்கிறதா என்று பார்த்தாள். சாய்ந்தது.

நிக்காஹ் அன்று காலை வரை மழை. பத்து மணிக்கு விட்டது. மரங்களின் கீழே கரும்பச்சைத் தரை நனைந்து பளபளத்தது. கேற்று ஓரம் அவ்வளவு நன்றாக இல்லை. இடைவெளிகளில் சருகு தெரிந்தது, ஒரு பார்வையில் தெரியும் குறை. ஆனால் சேறு இல்லை. வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேர்ட்டும் போட்ட ஆண்கள் மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சப்பாத்திலும் சிவப்பு இல்லை.

அனற்றையும் எஸ்ரனையும் ரபீகா கூப்பிட்டிருந்தார். பெண்கள் பக்கத்தில், தன் சகோதரிகள் இருந்த அதே மேசையில் அனற்றை உட்காரவைத்தார். அந்த ஐந்து நாளைப் பற்றி அவர் பிறகு ஒருபோதும் பேசவில்லை; ஆனால் தேத்தண்ணி ஊற்றும்போது பழையபடி அருகில் இருந்து கதைக்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் சென்றிருந்தது. அனற் அதை நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

புரியாணியைப் பிசைந்துகொண்டே அவளுடைய கண் யன்னலுக்கு வெளியே போனது. கேற்றுத் தூணின் அடியில் ஒரு வெளிர்பச்சை. நேராக.

விருந்தாளிகள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய்ப் பிடுங்கவும் முடியாது. கையைக் கழுவிவிட்டு, நேரே ரபீகா டீச்சரிடம் போய்க் காதோடு சொன்னாள்: "டீச்சர், கேற்றுத் தூணுகிட்ட ஒண்ணு முளைச்சிருக்கு. இப்பத்தான் கண்டேன்."

ரபீகா திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் பட்டுச் சாரிகள், பிள்ளைகள், வட்டில் ஏந்திப் போகிறவர்கள். அவர் அனற்றின் ஈரக் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினார்.

"நாளைக்கு வந்து எடுங்க. இன்னம் வட்டிலாப்பம் ஈக்குது, அதையும் தின்டுட்டுப் போங்க."

அடுத்த நாள் காலை எடுத்தாள். கிழங்கோடு முழுசாக வந்தது. மார்கழிக்குள் இன்னும் நாலு எடுத்தாள். ஒவ்வொன்றையும் அன்றைக்கே காட்டினாள். இப்போது நாலைந்து வீடுகளில் இருந்து அந்தக் காட்டுக் கோரையைக் கேட்டிருக்கிறார்கள். மண்ணை அவளே பின்புறத்தில் இடுப்பளவு தோண்டி எடுக்கிறாள். எப்போது தருவாய் என்று கேட்டால், "ஒரு வருசம் பொறுத்துக்குங்க" என்கிறாள். பொறுக்க முடியாது என்று போகிறவர்கள் போகட்டும் என்று எஸ்ரனிடம் தைரியமாகச் சொல்கிறாள். அவர்கள் போன பிறகு, மெய்யாகவே போய்விட்டார்களோ என்று வாசலுக்கு வந்து பார்க்கிறாள்.